எஞ்சின் இலக்கம் இல்லாத சைக்கிள்

1991ஆம் ஆண்டு வைகாசியில் லிங்கநகர் இரத்தினேஸ்வரியின் சைக்கிள் மிதிக்காமலே ஓடத் தொடங்கியது. அந்தக் கிழமை சவர்க்காரம் விலையேறியிருந்ததால் அயலவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சந்திக் காவலரணில் எல்லோரும் இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அவளும் இறங்கினாள், ஆனால் சேலைத் தலைப்பைச் சரிசெய்ய இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். சைக்கிள் விழாமல் பக்கத்தில் நடந்து வந்தது. தடைசெய்த பற்றரி கடத்துகிறாள் என்று ஆமிக்காரர் அதை ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டினார்கள். ஒன்றும் அகப்படாததுதான் அவர்களைப் பயப்படுத்தியது.

சைக்கிளின் பேரில் ஒரு விசாரணைக் கோவை திறந்து அரசாங்கக் கந்தோருக்கு அனுப்பினார்கள். மணி, இரண்டு பிரேக், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு எல்லாம் சட்டப்படி இருந்தன என்று கிளாக்கர் குலசிங்கம் எழுதினான். ஆனால் மிதிக்காமல் ஓடுவது மோட்டார் வாகனம். அதற்கு எஞ்சின் இலக்கம் வேண்டும்.

"எஞ்சினே இல்லைத் தம்பி."

"இல்லாட்டி ஓடவும் கூடாதக்கா."

கோவை முடியும்வரை அவளுக்குக் குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்சில் ஏறப் பாஸ் இல்லை. அக்கரையில், கட்டைபறிச்சானில், தங்கையோடு விட்டுவந்த எட்டு வயது மகள் இருந்தாள். இரண்டு நாளில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லித்தான் வந்திருந்தாள். சைக்கிளைத் தொலைத்தால் கோவையும் தொலையும் என்று இரண்டு தரம் அதைக் கடைத்தெருவில் விட்டுப் பார்த்தாள். அவள் நடந்து வீடு சேருமுன் அது வாசலில் நின்றது. நான்கு வருடம் திங்கள்தோறும் கந்தோருக்குப் போனாள். மகளின் கடிதங்களில் எழுத்து அழகாகிக்கொண்டே வந்தது. 'எப்ப வாறீங்கள்' என்பது மட்டும் ஒரு கடிதத்தோடு நின்றுவிட்டது.

1995 ஆவணியில் ஒரு காலை சைக்கிள் வாசலில் இல்லை. கொட்டியாரக் குடாவில் அது தண்ணீர்மேல் இடப்பக்கமாகவே போனதையும், வள்ளங்களுக்கு மணி அடித்ததையும் மீன்பிடிக்கப் போனவர்கள் கண்டார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கரியரில், உப்புநீரில் நனைந்த பாவாடையோடு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று செருப்பை மடியில் வைத்தபடி இருந்தது.

"இரத்தினேஸ்வரி எண்டது நீங்களோ?" என்று கேட்டது.

"ஓம்" என்று சொல்லி அவள் பிள்ளையின் மடியிலிருந்த செருப்பை வாங்கி நிலத்தில் வைத்தாள்.

பாஸ் இல்லாமல் வந்த பிள்ளையும் இனி ஊரைவிட்டுப் போக ஏலாதென்று குலசிங்கம் அதே கோவையில் எழுதினான்.

"எத்தினை வருசம் தம்பி?"

"தெரியாதக்கா."

"சரி. பள்ளிக்கூடத்தில சேர்க்க ஒரு கடிதம் தாங்கோ."

அவன் கடிதம் கொடுத்தான். பள்ளிக்கு வரும் விதம் என்ற இடத்தில் சைக்கிள் என்று எழுதினான்.