கை ஓங்கிய தொகுதி

எழுதிப் பழக்கமில்லாத ஒருவர் இவ்வளவு பெரிய விஷயத்தைத் தொடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று பெரியோர்களுக்குத் தோன்றினால், அதற்கு முன்கூட்டியே மன்னிப்பு வேண்டிக்கொள்ளப்படுகிறது. அறிந்தவர்கள் எழுதுவார்கள் என்று ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தும் எவரும் எழுதவில்லை. பிழை இருப்பின் பொறுத்தருள்க.

உறுப்பினர் பதவியேற்ற நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருந்த நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் வலக்கைகளும் தாமாகவே மேலே எழுந்து, பத்து விநாடி நின்று, இறங்கின. அன்று வெயில் சற்றுக் கூடுதல். கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தவரின் கையில் அப்போது சவரக்கத்தி இருந்தது. அது கையோடு கிளம்பியதில் கணக்கு வாத்தியாரின் மீசையில் இடப்பாதி போயிற்று. கோபத்தில் வாயைத் திறந்த வாத்தியார், கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்குள் தம் கையும் கூடாரக்கால்போல் எழுந்து நிற்பதைக் கண்டு, வார்த்தையை விழுங்கிக்கொண்டார். மறுநாள் நாளிதழில், அதே நேரத்தில் சபையில் ஒரு மசோதா நிறைவேறியதாகவும், தொகுதியின் உறுப்பினர் கை உயர்த்தி ஆதரித்ததாகவும் செய்தி வந்திருந்தது.

காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. தேர்தல் சமயத்தில் உறுப்பினர் இதே கடைத்தெரு முனையில் நின்று, "சபையில நான் கை தூக்கினா அது நான் தூக்கினதில்ல, நீங்க தூக்கினது" என்று பேசியிருந்தார். அத்தகைய பேச்சைக் காற்றோடு விட்டுவிடுவதுதான் மக்களின் வழக்கம். இந்த ஒரு பேச்சை மட்டும் காற்று விடவில்லை. அவர் கொடுத்த வாக்குறுதிகளில் பலித்தது இது ஒன்றுதான் என்பார் பக்கத்துக் கடைத் தையற்காரர். உறுப்பினரிடம் தோற்ற வேட்பாளரின் கையும் தவறாமல் எழுந்தது. கடையின் பின்கட்டில் துண்டுகளை அலசிக் காயப்போடும் சலூன்காரரின் மனைவிக்கு இதில்தான் ஆத்திரம் அதிகம்.

"நான் அந்த ஆளுக்கு ஓட்டே போடலையே. என் கை எதுக்குத் தூக்கணும்?"

"ஓட்டுப் போட்டவன் கை, போடாதவன் கைன்னு அது பிரிச்சுப் பாக்காது தங்கச்சி," என்றார் தையற்காரர். "அதுக்குப் பேருதான் ஜனநாயகம்."

மனு கொடுக்கப்பட்டது. மருத்துவக் குழு வந்தது. முப்பது பேரின் தோள்மூட்டைப் பரிசோதித்துவிட்டு, தசைகள் நலமாக இருப்பதாக எழுதிக்கொடுத்தது. ஆண்டு முடிவில், தம் உறுப்பினரோடு இத்தனை ஒற்றுமையாக இயங்கும் தொகுதி வேறில்லை என்று ஒரு நற்சான்றிதழும் கேடயமும் வந்தன. கேடயத்தைப் பெற்றுக்கொண்டவர் உறுப்பினர். கை தட்டியவர்கள் மற்றவர்கள்.

பழகினால் எதுவும் பழகிவிடும். சலூன்காரர் ஒரு வானொலிப் பெட்டி வாங்கிக் கண்ணாடிக்கு மேலே பலகையில் வைத்தார். சபை நடவடிக்கைகள் நேரடியாக ஒலிபரப்பாயின. "ஆதரிப்போர்..." என்று சபைத் தலைவர் தொடங்கியதும் கத்தியை மடக்குவார். வாடிக்கையாளர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கடையில் இருந்த கைகள் எல்லாம் போய்வரும். பிறகு தாடையில் விட்ட இடத்திலிருந்து சவரம் தொடரும். பேருந்து ஓட்டுநர்கள் சபை நடக்கும் நாட்களில் ஊர்ந்து சென்றார்கள். வானொலி இல்லாத ஒரு கொத்தனார் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து காலை இழந்தார். அன்று நிறைவேறியது கட்டடத் தொழிலாளர் பாதுகாப்பு மசோதா. மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அத்தனை காலத்திலும் உறுப்பினரின் குரலை வானொலியில் ஒருவரும் கேட்டதில்லை.

நான்காம் ஆண்டில், கடைத்தெருவை இடித்து எட்டு வழிச் சாலை போடும் மசோதா வருவதாகத் தெரிந்தது. சலூன்காரருக்கு அந்தக் கடைதான் வீடு. பின்கட்டில் சமையல், பரணில் படுக்கை. போக்கிடம் வேறில்லை. உறுப்பினர் பதவிக்கு முன்பிருந்தே ஞாயிறு தோறும் அங்குதான் சவரம் செய்துகொள்வார். அந்த ஞாயிறும் வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"அண்ணே, நம்ம தெருவை எடுக்கப் போறாங்களாமே."

"வரட்டும், பாத்துக்கலாம். கிருதாவைக் கொஞ்சம் ஏத்தி விடு."

"நீங்க கை தூக்கலேன்னா நாங்களும் தூக்க மாட்டோம்ணே. எங்க கையாலயே எங்க கடையை இடிச்சுக்கிற மாதிரி ஆயிடும்."

உறுப்பினர் கண்ணாடியில் கிருதாவைச் சரிபார்த்தார்.

"என் கை மட்டும் என் கையிலயா இருக்கு தம்பி? மேல இருக்கறவர் கண்ணைக் காட்டினா அது பாட்டுக்குப் போயிடுது. இந்த வியாதி உங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சியா?"

அப்போது கத்தி அவர் தொண்டைக்குழிமீது இருந்தது. சலூன்காரர் ஒரு கீறல்கூடப் படாமல் மழித்து, படிகாரம் தேய்த்து அனுப்பிவைத்தார்.

அன்று பிற்பகல் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு வார்த்தை சொன்னார். "அந்த ஆளு தூக்கினா நம்ம கை தூக்குதே. நம்ம கையைக் கட்டிப்போட்டா அந்த ஆளு கை எப்படித் தூக்கும்?" சலூன்காரர் இதைத் தையற்காரரிடம் சொன்னார். தையற்காரரிடம் சொல்வது தமுக்கு அடிப்பதற்குச் சமம். ஒன்பதே நாளில் தொகுதி முழுவதும் கயிறு விற்றுத் தீர்ந்தது.

மசோதா வந்த காலையில் புடவை முந்தானை, மிதிவண்டி டியூப், இடைவார் என்று கிடைத்ததைக் கொண்டு கட்டில் கால்களிலும் சன்னல் கம்பிகளிலும் வலக்கைகள் கட்டப்பட்டன. சலூன்காரரை அவருடைய நாற்காலியின் கைப்பிடியோடு மனைவி கட்டினார்.

"இடக்கையையும் கட்டிடலாமா?"

"ரெண்டையும் கட்டிட்டா, கடைசி ஆளை யாரு கட்டுறது?" என்றார் தையற்காரர். சரியான கேள்விதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

வானொலியில் "ஆதரிப்போர் கை உயர்த்தலாம்" என்று கேட்டது. கைகள் இழுத்தன. சலூன்காரரின் நாற்காலி தரையை விட்டு ஒரு விரற்கடை எழுந்தது. முடிச்சுகள் தாங்கின. வானொலியில் நீண்ட அமைதி. பிறகு சபைத் தலைவர், "மாண்புமிகு உறுப்பினருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக உறுப்பினரின் குரல் வந்தது. அதில் வியர்வை வடிவது கேட்டது.

"கை எழும்ப மாட்டேங்குது, தலைவர் அவர்களே."

தெரு முழுவதும் ஓர் ஆரவாரம் எழுந்தது. கை தட்ட முடியாததால் தரையை உதைத்தார்கள். சலூன்காரரின் மனைவி அழுதார். கை தம்முடையது என்று அவர்கள் அறிந்திருந்த காலம் அந்த அரை நிமிடம் மட்டுமே.

காகிதம் புரளும் ஓசை கேட்டது. "எந்தக் கை என்று விதியில் இல்லை," என்றார் சபைத் தலைவர். "இடக்கை போதும்."

நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினொரு இடக்கைகள் எழுந்தன. குறைந்த ஒன்று, காலிழந்தபின் ஓராண்டு படுத்திருந்து இறந்துபோன கொத்தனாருடையது. மசோதா ஒருமனதாக நிறைவேறியது.

இடிப்பதற்கு முந்தைய ஞாயிறும் உறுப்பினர் சவரத்துக்கு வந்தார்.

"அன்னைக்கு யாரோ என் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்துச்சு தம்பி."

"நாங்கதாண்ணே கட்டினோம்."

உறுப்பினர் குலுங்கிச் சிரித்ததில் சலூன்காரர் கத்தியை அவசரமாக விலக்க வேண்டியதாயிற்று. "நல்லவேளை, ஒண்ணைத்தான் கட்டினீங்க," என்றார்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். புதிய உறுப்பினர் இயல்பிலேயே இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே வலக்கையால் கத்தி பிடிப்பவர்களுக்கு இப்போது தொந்தரவு குறைவு. ஆட்சி மாற்றத்தால் விளைந்த நன்மையாக அனைவரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். சலூன்காரர் எட்டு வழிச் சாலையின் ஓரத்தில், மேம்பாலத்தின் நிழலில் நாற்காலி போட்டிருக்கிறார். இடக்கை எழும்போது வலக்கையால் தொடர்ந்து மழிக்கிறார். வாடிக்கையாளர்கள் நிமிர்ந்து பார்ப்பதுமில்லை.

இழந்தவை வருமாறு. கடைகள் அறுபத்து மூன்று. பின்கட்டும் பரணும் ஒன்று. கொத்தனார் ஒருவர். வாத்தியாரின் மீசை மீண்டும் வளர்ந்துவிட்டதால் சேர்க்கப்படவில்லை. கைகள், நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினொரு இணை.