மலாக்கி டூஹிக்கு ஆபத்தில்லை

மலாக்கி டூஹி மதுக்கடை ஹெஷனுக்குத் தரவேண்டியது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது பவுண்டு. தேர்தலுக்குத் தேர்தல் சுவரொட்டிக்கும் கார் பெட்ரோலுக்கும் வாங்கி வாங்கி ஏறிய கடன். நாடாளுமன்றச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று வாய்ப்பேச்சு. ஆசனம் போனால் ஆற்றோரப் புல்வெளியை விற்றாக வேண்டும்.

ஒரே தொகுதிக்குப் பல ஆசனங்கள் உண்டு. அந்த முறை கட்சி, அவரோடு கஹல் மினோக் என்ற வாத்தியாரையும் நிறுத்தியது. இளவட்டம், பந்தாட்டக்காரன். ஓட்டுச்சீட்டில் சனங்கள் பெயர்களுக்கு நேரே ஒன்று, இரண்டு என்று எண் போடுவார்கள். ஒன்று யாருக்கு என்பதில்தான் உயிரே இருக்கிறது. சொந்தக் கட்சிக்காரன்தான் முதல் எதிரி என்பது அங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

மலாக்கி இத்தனை வருடம் ஜெயித்தது மேடைப்பேச்சால் அல்ல, சாவு வீட்டால். தொகுதியில் ஒரு உயிர் போனால், மழையோ பனியோ, சவப்பெட்டி மூடுமுன் போய் நிற்பார். கைகுலுக்கித் துக்கம் கேட்டு முடித்ததும் யாராவது அவரை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் ஓய்வூதியம், ரோட்டுப் பள்ளம், ஆஸ்பத்திரிப் படுக்கை என்று காரியம் சொல்வார்கள். முடித்துக் கொடுப்பார்.

ஓட்டுக்கு முந்தின வாரம் கில்மோரா மலையில் மாட்டுத் தரகர் ஃபினர்ட்டி செத்துப்போனார். மலையே அந்த வீட்டில் கூடியிருந்தது. செத்தவரின் மனைவி நோரா தேநீர்க் கோப்பையை மலாக்கி கையில் கொடுத்துவிட்டு, எல்லார் காதும் கேட்கக் கேட்டாள்.

"ஜெயிச்சுருவியா மலாக்கி? நெசத்தச் சொல்லு. உனக்கு எப்படிப் போடணுமோ அப்படிப் போட்டுர்றோம்."

அவருக்குத் தூக்கம் போய் மாதமாகிறது. இந்த மலை கைவிட்டால் தொலைந்தோம் என்பதும் தெரியும். 'முடியல நோரா, காப்பாத்துங்க' என்று ஒரு சொல் போதும். கெஞ்சினவனை அந்த மலை கைவிட்டதில்லை. ஆனால் வாசற்படியில் மினோக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கென்ன கவலை? பெட்டியத் தொறந்ததும் ஆச்சு. நீ உன் ஒடம்பப் பாரு."

"அப்புறமென்ன!" என்றார் அடுப்பருகே இருந்த ஒரு பெரியவர். "ஒண்ண அந்தப் பயலுக்குப் போடுவோம், ரெண்ட மலாக்கிக்கு. ரெண்டு பேருமே நம்மாளுகதானே!"

வீடு முழுக்கத் தலையாட்டியது. மலாக்கியும் ஆட்டினார்.

எண்ணும் கூடத்தில், சீட்டைப் பிரிக்கும்போதே தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக் கணக்குப் போடுவது அவருடைய ஆள் பாட்சி. கில்மோராப் பெட்டி கவிழ்ந்ததும் பாட்சியின் பென்சில் நின்றுபோனது.

"எப்படிடா இருக்கு?"

"ரெண்டாம் நம்பரு கொட்டிக் கெடக்கு."

"ஒண்ணு?"

"அங்க போயி என்னய்யா உளறுன? உனக்கு ஆபத்தே இல்லன்னு ஊரே மாத்திப் போட்ருக்கு!"

இரண்டாம் எண் பலிக்க வேண்டுமானால், முதல் எண்காரன் கணக்கு முடியும்வரை ஆள் களத்தில் நிற்க வேண்டும். சாயங்காலம் மலாக்கி ஒன்றாம் எண் கணக்கில் கடைசியில் கிடந்தார், விதிப்படி கழித்துவிட்டார்கள். அவருடைய சீட்டுகளைப் பிரித்து அடுத்த எண்காரனுக்குச் சேர்த்தார்கள். அதில்தான் மினோக் கரையேறினான்.

"உங்க ஓட்டுதாண்ணே," என்று ஓடிவந்து கையைப் பிடித்தான். மனதாரத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

பிறகு வீட்டுத் தொலைபேசி அடங்கிவிட்டது. பழக்க தோஷத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போனார். நாற்காலி போட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். மூலைக்கு யாரும் கூப்பிடவில்லை. மூலையில் மினோக் நின்றான்.

அங்கிருந்து நேரே ஹெஷன் கடைக்குப் போனார்.

"புல்வெளிய விக்கிறேன். கோடை வரைக்கும் பொறுத்துக்க, ஹெஷன்."

"வித்துட்டு மாட்ட எங்க மேய்ப்ப? விடு. அந்தக் கணக்க அடிச்சாச்சு."

"எதுக்கு அடிக்கணும்?"

ஹெஷன் கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஜெயிச்சிருந்தா ஒரு பென்னி விட்ருக்க மாட்டேன். உன்னால எனக்குக் காரியம் ஆகும், உன்னைக் கையில வச்சிருக்கணும். இப்ப எதுக்கு?"

"இல்லய்யா. வாங்கிக்க. கெஞ்சிக் கேக்குறேன், வாங்கிக்க."

கடையில் இருந்தவர்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஹெஷன் அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டார். கடன் தீர்ந்தது.