இருபது பேருக்குத் திறந்த வினாத்தாள்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தென்காசியில் குற்றாலம் சாலையிலுள்ள ஒரு கணினி மையத்தில் முப்பது பேர் ஒரு தனியார் நிறுவனத்தின் வேலைக்கான தேர்வு எழுத உட்கார்ந்தார்கள். இருபது பேருக்கு வினாத்தாள் திறந்தது.

ராயகிரியிலிருந்து வந்திருந்த ஆனந்தவள்ளிக்குத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்கு முப்பது வயது முடிகிறது. அதற்குமேல் அந்த நிறுவனம் ஆள் எடுப்பதில்லை.

மையத்தின் உரிமையாளர் விஜயசங்கர் மேசைக்கடியில் குனிந்து வயர்களைப் பிடுங்கிச் செருகினார்.

"வயர் இல்ல அண்ணாச்சி," என்றாள் அங்கே பாடம் நடத்தும் ஜெஸி. "கேள்வி இருக்க மெயின் கம்ப்யூட்டர்ல சாதா விண்டோஸ்தான் கெடக்கு. ஒரே நேரத்துல இருவது மிஷினுக்கு மேல சேத்துக்கிடாது. அதுக்கு மேல சேக்கணும்னா சர்வர் விண்டோஸ் வேணும், அதுக்குத் தனி லைசென்ஸ் வாங்கணும்."

"நேத்து எல்லாம் ஓடிச்சேட்டி?"

"நேத்து கரண்ட் கட்டு. இன்வெர்ட்டர் தாங்காதுன்னு பதினஞ்சு பதினஞ்சாத்தான போட்டுப் பாத்தோம்?"

"இப்ப வாங்கிப் போட்டா?"

"போடுததுக்குள்ள மணி பன்னெண்டாயிரும். மெயின நிறுத்துனா இப்ப எழுதுதவங்களுக்கும் பரீச்ச போயிரும்."

விஜயசங்கர் நிறுவனத்துக்குப் போன் செய்தார். தேர்வு பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டும், நேரத்தை நீட்டிக்க முடியாது என்றார்கள்.

ஒரே வழிதான் இருந்தது. எழுதி முடித்தவர் எழுந்தால் அவருடைய கணினியில் இன்னொருவர் உட்காரலாம். பத்துப் பேரும் எழுதுபவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"சீசன்ல அருவில தல காட்ட நிக்க மாதிரில்லா நிக்கோம்," என்றான் நின்றவர்களில் ஒருவன்.

ஆனந்தவள்ளி பெஞ்சமின் என்ற பையனுக்குப் பின்னால் நின்றாள். பதினொன்றே காலுக்கு அவன் கடைசிக் கேள்வியைத் தொட்டுவிட்டான்.

"முடிச்சாச்சுல்லா தம்பி?"

"ஒரு தடவ சரிபாத்துக்கிடுதேன் யக்கா."

அவன் முதலிலிருந்து தொடங்கினான். ஒரு விடையை மாற்றினான், யோசித்து மறுபடி பழையதையே வைத்தான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ தம்பி, ஒனக்கு அடுத்த வருசமும் உண்டு. எனக்கு இன்னிக்கி மட்டுந்தான். எந்திச்சிரேன்யா!"

"எனக்கும் வேல வேணும்லா யக்கா," என்றான் அவன், திரையைப் பார்த்தபடியே.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் எழுந்தான். அவள் உட்கார்ந்து தன் தேர்வு எண்ணை அடித்தாள். வினாத்தாள் திறந்தது. நூறு கேள்விகள். முதல் கேள்விக்கே அவசரத்தில் தவறான விடையைத் தொட்டாள். பிறகு படிக்காமலே சிலவற்றைத் தொட்டாள்.

பன்னிரண்டு மணிக்குத் திரை தானாக மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் அந்த நிறுவனம் ஆறு பேரை வேலைக்கு எடுத்தது. ஆனந்தவள்ளியும் பெஞ்சமினும் அதில் இல்லை.