சுண்ணாம்பு வட்டம்

திங்கட்கிழமை மூன்றாம் பீரியடுக்கு மணி அடிப்பதற்குள் விளையாட்டு டீச்சர் பாக்கியமேரி புங்கமரத்தடியில் வட்டம் போட்டுவிடுவாள். அடியில் துளையிட்ட பால்பவுடர் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, குனிந்து தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடக்க வேண்டும். இன்று பள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டே போட்டதில் கோடு ஓரிடத்தில் நெளிந்தது.

எழுபத்தெட்டுப் பெண்கள், ஒரே பந்து. ஆறு அணி, அணிக்கொரு தலைவி. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் உட்கார வேண்டும், நீள விசிலுக்கு ஓட வேண்டும். இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. வட்டம் மட்டும் அவளாகக் கண்டது. விடுதியில் தங்கிப் படிக்கும் வத்தல்மலைப் பெண்கள் ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டு, திங்கள் விடியுமுன் மலையிறங்கி நேராக வகுப்புக்கு வருவார்கள். விடுதியில் திங்கள் காலை உலை வைப்பதில்லை; மதியச் சோறுவரை வயிற்றில் ஒன்றும் இருக்காது. முதல் வருடம் இரண்டு பேர் வெயிலில் விழுந்தார்கள். அதன்பின், முடியாதவர்கள் வட்டத்தில் உட்கார்ந்து புள்ளி எழுதலாம் என்றாள். ஏனென்று யாரும் கேட்கக் கூடாது. அவளும் கேட்க மாட்டாள்.

"மலைக்காரிங்களுக்கு மட்டும் நெழலா டீச்சர்?" என்றாள் ஊர்க்காரி ரோசம்மா ஒருமுறை.

"நீயும் போய் ஒக்காரு. நானா புடிச்சு வெச்சிருக்கேன்?"

ரோசம்மா போகவில்லை. பந்தை விட மனம் வரவில்லை.

பாக்கியமேரிக்கு ஐந்து வருடமாகத் தற்காலிக வேலை. இன்று கல்வி அதிகாரியின் ஆய்வு. காலையில் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்: "அவரு ரெண்டு வரி நல்லா எழுதுனா பர்மனென்ட் ஆயிரும் மேரி. இல்லன்னா அடுத்த வருசம் உன்னை வெச்சுக்க முடியாது."

அதிகாரி குடையுடன் வந்தார். வட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்கள்.

"இவங்க ஏம்மா ஒக்காந்திருக்காங்க?"

"ஸ்கோர் எழுதறாங்க சார்."

"ஒரு பந்துக்குப் பதினோரு கணக்குப்பிள்ளையா?"

தலைமையாசிரியை சிரித்தார். விடுதியும் அவர் பொறுப்புதான்.

காரணத்தைச் சொல்லப் பாக்கியமேரி வாயெடுத்தாள். சொன்னால் அத்தனை பேர் முன்னால் பதினோரு தலைகள் குனியும். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டோமா, வேலைக்காகவா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"எல்லாத்தையும் எழுப்பி ரெண்டு ரவுண்டு ஓட வுடுங்க, பாக்கலாம்," என்றார் அதிகாரி.

வட்டத்திலிருந்த செல்லி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயமில்லை. டீச்சர் ஏதாவது சொல்லிவிடுவாள் என்ற நிம்மதி இருந்தது. பாக்கியமேரி விசிலை வாயில் வைத்தாள். இரும்பு கரித்தது. நீளமாக ஊதினாள்.

ஓடினார்கள். இரண்டாவது சுற்றில் செல்லி விலாவைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் நிற்கவில்லை.

"பாத்தீங்களா, எல்லாந்தான் ஓடுது. நீங்கதான் செல்லம் குடுக்கறீங்க," என்று சொல்லிவிட்டு அதிகாரி டீ குடிக்கப் போனார். மரத்துக்குப் பின்னால் செல்லி வாந்தியெடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது.

'வகுப்புக் கட்டுப்பாடு நன்று' என்று அறிக்கையில் இருந்தது. தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்துக் காட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை பாக்கியமேரி வட்டத்தைப் பெரிதாகப் போட்டாள். மலைப்பெண்கள் கணுக்கால்வரை செம்மண்ணோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

"முடியாதவங்க போய் ஒக்காருங்க."

யாரும் நகரவில்லை.

"செல்லி, போம்மா."

"பரவால்லீங்க டீச்சர். ஓடறேங்க."

நிழல் வெறும் வட்டத்தின்மேல் கிடந்தது. எழுபத்தெட்டுப் பேரும் வெயிலில் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். செல்லி, டீச்சரின் கழுத்தில் தொங்கிய விசிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.