ஆய்வுக்கு வராத வண்டி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாகனப் பதிவு அலுவலகமே அரைத் தூக்கத்தில் இருக்கும். ஆய்வுக்கு வந்த வண்டிகள் வெளியே மைதானத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஆய்வாளர் இருக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. வண்டிகளைப் பற்றிய தாள்கள் மேசைக்கே வந்துவிடும்போது, வண்டிகளைத் தேடிக்கொண்டு அவர் ஏன் போக வேண்டும்?

ஒரு காலத்தில் அவருக்குச் 'சுத்தியல்' என்று பட்டப்பெயர். சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் புகுந்து போல்ட்டுகளைத் தட்டிப் பார்ப்பார். எது தளர்ந்திருக்கிறது என்பதை வருகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பட்டப்பெயர் நிலைத்துவிட்டது, தட்டுவதுதான் நின்றுபோனது. முதலில் ஒரு மழை நாளில், தெரிந்தவர் ஒருவருக்காக வண்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு மழை இல்லாத நாளிலும் போட்டார். பிறகு தெரியாதவர்களுக்கும் போட்டார். கெட்ட பழக்கம் யாரையும் கதவை உடைத்துக்கொண்டு வந்து பிடிப்பதில்லை.

அன்று அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர் கல்யாணங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் இருந்ததிலேயே அழகானது, பாலாடை நிறத்தில் ஒரு பெரிய கார். அதன் பெட்ரோல் எஞ்சின் இறுகிப்போய்விட்டது. உதிரிபாகம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பட்டறைக்காரர், உடைத்துப்போட்ட ஒரு சரக்கு வேனின் டீசல் எஞ்சினைத் தூக்கி இதற்குள் வைத்துவிட்டார். புது எஞ்சினின் நம்பரையும் எரிபொருள் வகையையும் பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேண்டும். அதற்கு முன் வண்டி மைதானத்துக்கு வர வேண்டும். இந்த எஞ்சினை அந்த உடம்பு தாங்குமா, அந்த பிரேக் இதை நிறுத்துமா என்று ஆய்வாளர் பார்க்க வேண்டும்.

"எஞ்சின் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்துட்டு வந்திருக்கேன் சார். அச்சு மாதிரி விழுந்திருக்கு. வண்டிய வேற எதுக்கு அலைய வைக்கணும்?" என்றார் வாடகைக்காரர்.

பிரேக்கை மாற்றினீர்களா என்று ஆய்வாளர் கேட்கத்தான் செய்தார். பழசேதான், அந்தக் காலத்து இரும்பு, நமக்கு அப்புறமும் இருக்கும் என்று பதில் வந்தது. இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று ஆய்வாளருக்கு நன்றாகவே தெரியும். லேசான எஞ்சினுக்குச் செய்த பிரேக், இந்தக் கனத்தை எத்தனை நாள் இழுத்துப் பிடிக்கும்? அவர் பேனாவை மூடப்போனார். அப்போது வாடகைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"சார் வீட்ல பொண்ணுக்குக் கல்யாணமாமே. அன்னைக்கு இந்த வண்டி உங்களோடது. வாடகைங்கற பேச்சே வேண்டாம்."

அந்தக் காரைப் புகைப்படத்தில் பார்த்த நாளிலிருந்து மகளுக்கு அதன் மேல் ஒரு கண். அந்த ஆசை ஆய்வாளரின் மனதில் வந்து நின்றது. காசாக வாங்கினால்தான் லஞ்சம் என்று அவர் தனக்குத் தானே ஒரு சட்டம் வைத்திருந்தார். இது காசு இல்லையே. 'வாகனம் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. பிரேக் திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை.

அதற்கப்புறம் மாதக்கணக்கில், வாரம் தவறாமல் அந்தக் கார் யார் யார் வீட்டுப் பெண்களையோ ஏற்றிக்கொண்டு ஓடியது. ஒருநாள் கடைத்தெருவில் அது நிற்பதை ஆய்வாளர் பார்த்தார். முன்விளக்கு நசுங்கியிருந்தது. ஒரு மண்டபத்துத் தூணில் லேசாக உரசிவிட்டது, டிரைவர் கவனக்குறைவு, பாலிஷ் போட்டால் போச்சு என்று வாடகைக்காரர் பல்லைக் காட்டினார். ஏன் உரசியது என்று கேட்கும் உரிமையை ஆய்வாளர் அந்தக் கையெழுத்தோடு இழந்துவிட்டாரே. சில நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்குக் கல்யாண அலைச்சல் என்று சொல்லிவைத்தார்.

கல்யாண மண்டபம் மேட்டில் இருந்தது. மாப்பிள்ளை வீடு கீழே, ஊருக்குள். நடுவில் செங்குத்தாக இறங்கும் ஒரே சாலை. அது நேராகப் போய்ச் சந்தைக் கூட்டத்தில் முடியும்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பூவால் அலங்கரித்த கார் முற்றத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். ஆய்வாளர் மட்டும் டிரைவரைப் பார்த்தார். அந்த ஆள் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, மொத்த உடம்பையும் காலில் ஏற்றி பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். அப்படியும் கார் படிக்கட்டைத் தாண்டிப்போய்த்தான் நின்றது. டிரைவர் இறங்கியதும் முதல் வேலையாகச் சக்கரத்துக்கு இரண்டு கற்களை முட்டுக்கொடுத்தார்.

மெதுவாகப் பக்கத்தில் போய் பிரேக் எப்படி என்று கேட்டார்.

"கொஞ்சம் கெட்டி சார். ரெண்டு மூணு தடவ மிதிச்சா புடிச்சுக்கும்."

"இறக்கத்துல?"

டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். "இறக்கத்துல இதுவரைக்கும் ஆள ஏத்திட்டு எறங்கினதில்ல சார். இன்னைக்குத்தான் மொத தடவ."

அதற்குள் மகளும் மருமகனும் பின் இருக்கையில் ஏறிவிட்டார்கள். மகள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். உண்மையைச் சொன்னால் சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் கப்பலேறும், வேலையும் போகும். அதனால் முதலில் பொய்யைத்தான் தேடினார். பழைய வண்டி, உள்ளே புழுக்கமாக இருக்கும், வேறு வண்டியில் போகட்டுமே என்றார். சம்பந்தி சிரித்தார். பெண்ணைப் பிரிய மனமில்லை என்று யாரோ கேலி செய்தார்கள். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்து, சும்மா இருங்களேன் என்றாள். டிரைவர் கற்களை எடுத்தார். அந்த அழகான காருக்குள்ளிருந்து சரக்கு வேனின் உறுமல் கிளம்பியது.

கார் நகர்ந்தது. முற்றத்தின் வாயிலுக்கு அந்தப் பக்கம் இறக்கம் தொடங்குகிறது. ஆய்வாளர் ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றார்.

டிரைவர் எழுந்து மிதித்தார். நடக்கிற வேகத்தில் வந்த கார்தான். ஆனாலும் அது நிற்கவில்லை. ஆய்வாளரின் முழங்காலில் முட்டி, அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், வாயில் தூணோடு அவர் சாய்ந்த பிறகே நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். கேலி செய்த வாய்கள் மூடிக்கொண்டன.

"பொண்ண இறக்குங்க," என்றார் ஆய்வாளர். "இந்த வண்டியில பிரேக் பிடிக்காது. எஞ்சின மாத்தினதும் ஆய்வுக்கு வந்திருக்கணும். வரல. பாத்தேன்னு பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதுக்கு நான் வாங்கின லஞ்சம்தான் இந்தப் பயணம்."

நாலு பேர் முன்னால் என்ன சார் இது என்று வாடகைக்காரர் முணுமுணுத்தார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

மகள் இறங்கி வந்தாள். அப்பாவைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தாள். முழங்காலில் ரத்தம் வருகிறதா என்று குனிந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டவில்லை. அழுவாள் என்று நினைத்தார், அதுவும் இல்லை.

"நான் உங்க பொண்ணுங்கறதால இறங்கிட்டேன்," என்றாள். "இத்தன மாசமா இதுல போன பொண்ணுங்களுக்காக யாருப்பா குறுக்க வந்து நின்னாங்க? இது மாதிரி பாக்காம கையெழுத்துப் போட்ட வண்டி இன்னும் எத்தனப்பா? அதுலல்லாம் இப்ப யாரு உக்காந்திருக்காங்க?"

கீழே சாலையில் பேருந்துகளும் பள்ளிக்கூட வேன்களும் லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் எத்தனை அவருடைய கையெழுத்தை வைத்துக்கொண்டு ஓடுகின்றனவோ. அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"தெரியலம்மா," என்றார் கடைசியில். "பாக்காம போடற கையெழுத்து யாரையோ கொல்றதுக்குப் போடற கையெழுத்து. யாரைன்னு தெரியாததால இத்தன வருசம் நிம்மதியா தூங்கியிருக்கேன். நாளைக்கு ஆபீஸ் தொறந்ததும் எல்லாத்தையும் மேலதிகாரிகிட்ட சொல்லிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும். அந்த வண்டிங்கள எல்லாம் திருப்பிக் கூப்பிடச் சொல்றேன்."

மகள் எழுந்து நின்றாள்.

"நாளைக்கா?" என்றாள். "அதுங்க இன்னைக்கும் ஓடிட்டுத்தானப்பா இருக்கு."