சைனம்பு கேட்ட தண்ணீர்

1

இந்தக் கதை இன்று காலை பத்து மணிக்கு, சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில், கம்பவுண்டர் ஜானகிராமனின் மருந்துக்கடை வாசலில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதே அயோக்கியத்தனம். என் பக்கத்து வீட்டுத் துரை, தன் மனைவி வசந்தாவுக்கு விடியற்காலையிலிருந்து வாந்தியும் பேதியும் நிற்கவில்லை என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் சிவப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்தார்.

"தண்ணி மட்டும் குடுத்துடாத. ஒரு சொட்டுகூடக் கூடாது" என்றார்.

ஐந்து வருஷத்துக்கு முன் எனக்குச் சொன்ன அதே சொற்கள். அதே சிவப்பு மருந்து. நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

(என் பெயர் ஷஃபியுல்லா. பிழைப்புக்கு ஜவுளிக்கடை. பத்திரிகையில் இரண்டு கதைகள் வந்திருக்கின்றன. கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். எனக்குக் கையெழுத்துத்தான் வேகமாகும்.)

2

முதல் தொடக்கம்: "1953ஆம் வருஷம், டச்சுக்காரன் கோட்டையின் இடிந்த மதில்மேல் நிலா எழுந்து—"

நிலாவாவது மண்ணாவது. அது பட்டப்பகல்.

இரண்டாவது: "சைனம்பு அழகானவள். அவள் சிரித்தால்—"

செத்தவளை அழகாக்கிவிட்டால் வாசகர் சுலபமாக அழுதுவிட்டுப் போய்விடுவார். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: என் மனைவி சைனம்பு தண்ணீர் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

இதுவே இருக்கட்டும். இந்த இரண்டு வாக்கியத்தை எழுத எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

3

சைனம்புவுக்கு வாந்திபேதி கண்ட அன்று காலை, கம்பவுண்டர் சொன்னதும் நான் செய்த முதல் வேலை, வீட்டிலிருந்த மூன்று குடங்களையும் தூக்கிப்போய்க் கொல்லையில் சாக்குப்போட்டு மூடியது. அவள் பாயில் கிடந்தபடி ஒவ்வொரு குடமும் போவதைப் பார்த்தாள்.

பிதற்றினாள் என்று எழுதினால் எனக்குச் சௌகரியம். அவள் பிதற்றவில்லை. கண் குழிவிழுந்து, குரல் கம்மி, கெண்டைக்கால் சுருட்டி இழுத்தபோதும் புத்தி மட்டும் தெளிவாகவே இருந்தது. உச்சிப்பொழுது வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"குடுக்க மாட்டேன்னா எம்மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்றேன்.

(முந்தைய பிரதியில் இந்த மறுப்பை என் மாமியாரின் வாயில் வைத்திருந்தேன். மாமியாராக இருந்தால் எல்லோரும் நம்புவார்கள். அந்த அம்மாள் அதற்கு இரண்டு வருஷம் முன்பே மௌத்தாகிவிட்டார். அவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.)

(சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தா துரையை ஏதோ கேட்கிறாள். காதில் சரியாக விழவில்லை. இருக்கட்டும், இந்தப் பகுதியை முடித்துக்கொள்கிறேன்.)

சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்பே அவள் கை கால் சில்லிட்டுவிட்டது. இனித் தேறாது என்று வந்திருந்தவர்கள் சொன்னார்கள். உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் தண்ணீர் விடுவது எங்கள் வழக்கம். ஒருவர் குர்ஆனிலிருந்து யாசீன் ஓத, என்னிடம் ஒரு கரண்டியைக் கொடுத்தார்கள். விட்டேன். அவள் விழுங்கினாள். விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள். ஒரு கரண்டிதான் வழக்கம்.

பிறகு கொல்லையில் மூடிவைத்திருந்த மூன்று குடங்களும் உள்ளே வந்தன. அவள் மய்யித்தைக் குளிப்பாட்ட வேண்டுமல்லவா. போதாமல் பக்கத்து வீட்டிலிருந்தும் கொண்டுவந்தார்கள்.

4

இன்னொரு முடிவு எழுதிப் பார்த்தேன். "நான் ஓடிப்போய்க் குடத்தை எடுத்து, அவள் தலையை மடியில் தாங்கி—"

இதைப் படித்துவிட்டு ஊரார் என்னை நல்லவன் என்பார்கள். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம்.

5

அடுத்த வருஷம் பட்டணத்தில், மூர் மார்க்கெட்டில், இங்கிலீஷ் உடலியல் புத்தகம் ஒன்றைப் பழைய புத்தக விலைக்கு வாங்கினேன். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். நீர் வெளியேற வெளியேற உடம்பு என்னென்ன செய்கிறது என்று அதில் இருந்தது. முதலில் சிறுநீரை நிறுத்திக்கொள்கிறது. தோலில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்பது அதனால்தான். கைகால்களுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இருதயத்துக்கும் அனுப்புகிறது. இருதயம் இரண்டு மடங்கு ஓடுகிறது. இத்தனையும் செய்துகொண்டே, தாகம் என்று ஒன்றை வாய்க்கு அனுப்பிக் கேட்கவும் வைக்கிறது.

அவள் உடம்பு ஒரு தவறும் செய்யவில்லை. காலையிலிருந்து கடைசிவரை அது சரியாகவே வேலை செய்தது. எதிரே உட்கார்ந்திருந்த நான்தான் தடி மாடு மாதிரி குடத்துக்குக் காவல் இருந்தேன்.

("நாக்கு ஒட்டிக்கினு கீது, கொஞ்சம் குடு." இப்போது நன்றாகவே கேட்கிறது. துரை ஏதோ சமாதானம் சொல்கிறான். குடத்தை நகர்த்துகிற சத்தம்.)

6

சைனம்புவுக்கு வந்த அதே வாரம் வேண்டாவுக்கும் வந்தது. கோட்டைக்குப் பின்னால் தனியாக இருக்கிற கருவாட்டுக்காரி. இந்தப் பெயரைக் கதைக்காக நான் வைத்ததாக நினைப்பீர்கள். பெண் பிறந்துவிட்டதே என்ற எரிச்சலில் அவளைப் பெற்றவர்கள் வைத்தது. பயந்துபோய் அவளிடம் யாரும் அண்டவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். எப்படி என்று பிறகு கேட்டேன்.

"வாணாம்னு சொல்ல எனக்கு யாரு கீறாங்க? பானையில உப்புப் போட்ட கஞ்சி இருந்திச்சி. குடிச்சேன், வாந்தி எடுத்தேன், மறுக்காவும் குடிச்சேன்."

இதை நான் கம்பவுண்டரிடம் சொன்னேன். ஒருத்தி பிழைத்தால் அது வைத்தியம் ஆகிவிடாது, அவளுக்கு இரும்பு உடம்பு என்றார். ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பாசத்தோடு காவல் காக்க நான் இருந்ததால் சைனம்பு செத்தாள் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. போகவும் கூடாது.

7

மணி பதினொன்றரை. ஒன்றரை மணி நேரமாக ஒருத்தியின் தாகத்துக்கு நடுவில் உட்கார்ந்து இன்னொருத்தியின் தாகத்தைத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறேன். இதை எழுதியவன்மேல் உங்களுக்குக் கோபம் வரவில்லையென்றால் நீங்கள் சரியாகப் படிக்கவில்லை.

வசந்தா பிழைத்தாள் என்று ஒரு வரி எழுத எனக்கு ஆசை. எழுதிவிட்டால் அந்தத் திருப்தியில் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

காலையில் வடித்த கஞ்சி இருக்கிறது. உப்புப் போட்டுவிட்டேன். பாய் வீட்டுக் கஞ்சியை அவர்கள் தொடுவார்களா, தெரியாது. துரை வாசலில் மறிப்பான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும், சுவரைப் பார்த்து அல்ல. முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சுவருக்கு அந்தப் பக்கமும் யாராவது தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தால் அதையும் எழுதாதீர்கள், எழுந்து போங்கள். கதவு திறந்ததும் நான் துரையிடம் முதலில் சொல்லப்போவது—