மூன்று மடங்கு வேகம்

"எந்தப் பெரிய கொம்பியூட்டர்ப் பூட்டையும் நொடியில உடைக்கிற கட்டளையைக் கண்டுபிடிச்ச எங்கடை இணுவில் பிள்ளை!" என்று சனசமூக நிலைய ஆண்டு விழாவில் தலைவர் கனகலிங்கம் ஒலிபெருக்கியில் முழங்கி, கணினிப் புறொசெசர் வடிவமைக்கும் கீர்த்திகனுக்குப் பொன்னாடை போர்த்தினார். சொன்னது பிழை. ஆனால் மேடையில் பெரியவரை மறித்துத் திருத்துவது மரியாதையில்லை என்று கீர்த்திகன் கைகூப்பிவிட்டு இறங்கினான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வாள்வெட்டுக் குழுக்காரன் யதுசன் அவனது வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தான். ஒரு கையில் வாள், மற்றக் கையில் லப்டொப். கூட்டாளி வாசல் படலையில் காவல் நின்றான்.

"இதைத் திற, இஞ்சினியர். எங்களைப் பொலிசுக்குக் காட்டிக் குடுத்தவன்ரை லப்டொப். ஆரோடை கதைச்சவன் எண்டு பாக்கவேணும்."

"நான் பூட்டு உடைக்கிற ஆள் இல்லை, தம்பி."

"அப்ப தலைவர் மைக்கில பொய்யோ சொன்னவர்?"

"ஓம். பெரிய எண்களைப் புறொசெசர் துண்டு துண்டாத்தான் பெருக்கும். ஒரு துண்டில மிஞ்சுறதை அடுத்ததுக்குக் கொண்டுபோக நாலைஞ்சு கட்டளை வேணும். நான் அதை ஒரே கட்டளையாக்கினனான். மூண்டு மடங்கு வேகம். தகவலைப் பூட்டுற வேலைதான் உதால கெதியாகும், உடைக்கிறது இல்லை."

"அப்ப மூண்டு மடங்கு கெதியாத் திற!"

"உலகம் அழியுமட்டும் எடுக்கிற வேலையடா. அதை மூண்டால பிரிச்சாலும்..."

வாள் இறங்கியது. தோள் பிளந்து இரத்தம் சுவரில் தெறித்தது. விழுந்தவனின் வயிற்றில் யதுசன் உதைத்தான்; மூச்சு வாங்க விடாமல் இன்னொருதரம் உதைத்தான். பிறகு அவனது வலது கையை மேசைக்கு இழுத்து, மணிக்கட்டில் வாளை அழுத்தினான்.

"எனக்குக் கணக்குப் படிப்பிக்கிறார். இந்தக் கை வேணுமோ, வேண்டாமோ?"

"விடு அவரை!" அறையிலிருந்து தர்சினி ஓடிவந்தாள். கீர்த்திகனின் மனைவி, அவனது புதிய கட்டளையைச் சோதித்துப் பார்க்கிறவளும் அவள்தான். "நான் திறக்கிறன். உவர் உனக்குப் பொய் சொல்லுறார்."

லப்டொப்பில் பேருக்கு ஒரு வயரைச் செருகிவிட்டு, தங்கள் கணினியில் நாளாந்தம் ஓட்டும் சோதனையை ஓடவிட்டாள். திரை முழுக்க எண்கள் பாய்ந்தன.

யதுசன் கீர்த்திகனின் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தினான். "நீ சொல்லு. எவ்வளவு நேரம்?"

கீர்த்திகன் தர்சினியைப் பார்த்தான். "பத்து நிமிசம்."

"பாத்தியே? அடி விழுந்தாத்தான் உனக்கு வேகம் வருது." யதுசன் சிரித்தான். "பொடியளுக்கு வீடியோ அனுப்பவேணும்." வாளை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கைபேசியைத் திரைக்கு நேரே பிடித்தான்.

தர்சினி வாளை எடுத்தாள். முதல் வெட்டில் கைபேசியோடு இரண்டு விரல்கள் நிலத்தில் விழுந்தன. இரண்டாவது வெட்டு முழங்கைக்குக் கீழே எலும்பில் இறுகியது. அலறல் கேட்டதும் படலையில் நின்றவன் மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டான். அவள் வாளை ஆட்டி இழுத்து மறுபடி ஓங்கினாள்.

"காணும் தர்சி, நிப்பாட்டு! செத்துப்போவான்!"

"சாகட்டும்."

"தர்சி! துவாயைக் கொண்டுவா. காயத்தைக் கட்டவேணும்."

அவள் நின்றாள். வாளை முற்றத்துக்கு எறிந்துவிட்டுத் துவாயோடு வந்தாள். கீர்த்திகன் ஒற்றைக் கையால் யதுசனின் கையைச் சுற்றினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினாள்.

யதுசனின் உதடு வெளுத்திருந்தது. "அக்கா... பத்து நிமிசம் ஆச்சோ?"

"அது திறக்காதடா. எண்டைக்கும் திறக்காது."

"அண்ணை சொன்னவரெல்லோ..."

"ஓம், சொன்னனான்," என்றான் கீர்த்திகன். "கையை உயத்திப் பிடி."